வீரையா இறங்கும் இடம்

குள்ளமான மனிதனைக் கண்டால் உலகத்துக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உயரமானவன் நிலையில் தலையை இடித்துக்கொண்டால் கதவைச் செய்த தச்சனைத் திட்டுகிறார்கள். குள்ளமானவனுக்குக் குதிரையின் அங்கவடி எட்டாவிட்டால் அவனுடைய காலைத் திட்டுகிறார்கள். நான் கண்டியில் இருபது வருஷமாகச் சேணம் தைக்கிறவன். சவாரி செய்கிறவன் கால் வைக்கிற இரும்பு வளையம்தான் அங்கவடி. அது ஒரு தோல் வாரில் தொங்குகிறது. வாரைக் கூட்டலாம், குறைக்கலாம். மனிதனுடைய காலைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இது ஒரு கோப்பித் தோட்டத்துத் துரையின் மண்டையில் ஏறவேயில்லை.

என் பெயர் முஹைதீன். ஊர் அக்குறணை, கடை கண்டி டவுனில். இந்தக் கதையில் துரையை ‘அவன்’ என்றும் குதிரைக்காரர் வீரையாவை ‘அவர்’ என்றும் சொல்லப் போகிறேன். ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர். கேட்கிறவர்களுக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

ரயில் கண்டிக்கு வந்த அடுத்த வருஷம் அது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, விடாத மழையில், தலையில் ஒரு சேணத்தைச் சுமந்துகொண்டு வீரையா என் கடைக்குள் வந்தார். சேணம் நனையாமல் அதன்மேல் தன் கம்பளியைப் போர்த்தியிருந்தார். அவருடைய உடம்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோட்டத்திலிருந்து கண்டிக்கு ஏழு மைல்.

வீரையாவை எனக்கு முன்பே தெரியும். துரை குதிரையில் வந்தால் அவர் பின்னால் ஓடி வருவார். அதுதான் அந்தக் காலத்துக் குதிரைக்காரனின் வேலை. துரை எங்கே இறங்கினாலும் அந்த நிமிஷமே கடிவாளத்தைப் பிடிக்க அவன் அங்கே நிற்க வேண்டும். அதனால் குதிரை நடந்தால் அவனும் நடக்க வேண்டும், குதிரை ஓடினால் அவனும் ஓட வேண்டும். வீரையா அப்படி ஒன்பது வருஷம் ஓடியவர். நின்றால் என் தோளுக்குக் கீழே வருவார். நானே ஒன்றும் பனைமரம் இல்லை.

“நானா, இந்த வாரைக் கொஞ்சம் பாருங்க” என்றார். எங்களைப் போன்ற முஸ்லிம் கடைக்காரர்களை எல்லோரும் ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். “கடைசித் துளையில மாட்டினாலும் அங்கவடி எனக்கு நாலு விரல் கீழ தொங்குது. கால் எட்டலைங்க.”

“ரெண்டு துள போட்டா சரி. இதுக்கா ஏழு மைல் சொமந்து வந்த?” என்று குத்தூசியை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துவிட்டார். “போடாதீங்க. சீமைத் தோலாம். துளை போட்டா வேலை இல்லைன்னு துரை சொல்லிட்டாரு.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். துரைக்குக் கால் வாதம். முழங்கால் வீங்கி, குதிரையில் ஏற முடியாமல் வராந்தாவில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். கோப்பி அறுவடை நேரம். கொழும்புக் கம்பெனிக்குப் போகும் கடுதாசிகள் தினமும் மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வருகிற கடுதாசிகள் சாயந்தரத்துக்குள் தோட்டத்துக்குப் போக வேண்டும். அதற்காகக் குதிரையில் போய்வர ஒரு ஆளை வைக்கத் துரை முடிவு செய்திருந்தான். இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒருவர் வீரையா. மற்றவன் அழகையா, கூலியாட்களை மேய்க்கிற பெரிய கங்காணி சின்னமுத்துவின் மைத்துனன். ஆறடி உயரம், அகன்ற தோள், முறுக்கிய மீசை. குதிரையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பதுதான். திங்கட்கிழமை அவனுக்குச் சோதனை, செவ்வாய்க்கிழமை வீரையாவுக்கு.

“கிடைக்காட்டி என்ன? பழையபடி ஓடு” என்றேன்.

“ஓட முடியலைங்க நானா.” அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “மூணு மாசமா இங்க பிடிச்சு இழுக்குது. மேட்டுல ஓடினா கண்ணு இருட்டுது. ஓடாத குதிரைக்காரனுக்குக் கணக்குப் புஸ்தகத்துல பேர் வெட்டிருவேன்னு கங்காணி சொல்லிட்டாரு. பேர் வெட்டினா தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவும் போயிரும். நானும் வேலாயியும் பிள்ளைங்களும் எங்க போறது? எனக்கு ஒக்காந்து போற வேலை வேணும். அந்தக் குதிரைய என்னைவிட யாருக்குத் தெரியும்?”

இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. அந்தச் சிவப்புப் பெட்டைக் குதிரை ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது. முதுகு வீரையாவின் தலைக்கு மேலே இருக்கும். ஒன்பது வருஷமாக அதற்குப் புல் போட்டவர், தேய்த்துக் குளிப்பாட்டியவர், இராத்திரி வயிற்று நோவில் கூட நின்றவர் அவர்தான். ஆற்றுக்குக் கொண்டுபோகும்போது யாரும் பார்க்காத இடத்தில் வெறும் முதுகில் ஏறிப் போயும் இருக்கிறார்.

“அவ்வளவு ஒசரத்துல ஏறுறது எப்பிடி?” என்று கேட்டேன்.

அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “மலைதானே நானா நமக்கு ஏணி. பாதை ஓரத்துல மேட்டுப் பக்கம் நான் நின்னுக்குவேன். பள்ளத்துப் பக்கம் அவள நிறுத்துவேன். அப்ப அவ முதுகு என் இடுப்புக்கு வந்துரும். திரும்பி வர்றப்ப மேடு வலது பக்கம் வரும். அதுக்குத்தான் வலது பக்கமா ஏறவும் பழக்கி வச்சிருக்கேன். துரைமாருக்கு இடது பக்கம் மட்டுந்தான் ஏறத் தெரியும்.”

ஏறுவதற்கு வழி கண்டுவிட்டார். ஏறிய பிறகுதான் சிக்கல். இறக்கத்தில் காலுக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் மனிதன் குதிரையின் கழுத்துக்குச் சறுக்கி வந்துவிடுவான். கால் எட்டாதவர்கள் அங்கவடிக்கு மேலே வாரின் மடிப்பிலேயே காலை நுழைத்துக்கொள்வார்கள். குதிரை மிரண்டால் கால் வெளியே வராது, ஆள் தரையில் இழுபட்டுப் போவான். அப்படி இழுபட்ட ஒருவரை மாத்தளை ரோட்டில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேலே சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சீமத் தோலுண்டா அதுக்குக் கொம்பா மொளச்சீக்கு? ரெண்டு துளைக்கா ஒரு மனிசன்ட உசிரு? அவன்ட வாரை அவனே வெச்சிக்கொள்ளட்டும். நான் புது வார் செஞ்சி தாரன். ஒன்ட காலுக்கு அளவா. ஏறக்குள்ள மாட்டு, எறங்கினாக் கழட்டு. அவன்ட தோலுல யாரும் கை வெக்கல்ல.”

அவரைப் பலகைமேல் உட்கார வைத்து, இடுப்பிலிருந்து பாதம்வரை நூல் பிடித்து அளந்தேன். பூட்ஸ் போட்ட காலுக்குச் செய்த அங்கவடிக்குள் வெறுங்கால் முழுசாகப் புகுந்துவிடும். அதனால் முன்பக்கத்தை மூடி ஒரு தோல் மூடியும் தைத்தேன். விரல்கள் அதில் முட்டி நிற்கும், விழுந்தாலும் கால் சிக்காமல் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அழகையாவின் சோதனை. இரண்டாவது வளைவில் குதிரை நின்று புல் மேய்ந்ததாம். இவன் “போம்மா, போம்மா” என்று கெஞ்சியிருக்கிறான். அது மேய்ந்து முடித்து, தாகத்துக்கு ஓடையில் தண்ணீர் குடித்து, பிறகு மனம் வந்து கண்டிக்குக் கிளம்பியது. அவன் ஸ்டேசனுக்கு வந்தபோது ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, பழுது பார்த்த குதிரைத் தலைவாரைக் கொடுக்கிற சாக்கில் நானே தோட்டத்துக்குப் போனேன். வீரையா போவதையும் பார்த்தேன், வருவதையும் பார்த்தேன். வராந்தாவிலிருந்து துரை தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வளைவுவரைதான் அங்கிருந்து பாதை தெரியும். வீரையாவின் முதுகு நேராக இருந்தது, முழங்கால் சேணத்தோடு ஒட்டியிருந்தது. குதிரை அவர் நினைத்த இடத்தில் கால் வைத்தது. மத்தியானத்துக்கு முன்பே, ஸ்டேசன் மாஸ்டர் நேரம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தார். குதிரைக்கு வியர்வைகூட அதிகமில்லை.

துரை சீட்டைப் படித்தான். மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு வீரையாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“நல்லா போய் வந்தான்” என்று கங்காணியிடம் சொன்னான். துரைமார் பேசுகிற தமிழ் அது. முன்னால் நிற்கிறவனைப் பற்றி வேறொருவரிடம் சொல்லும். “ஆனா பார்க்க எப்படி இருக்கு? பெரிய குதிரை, சின்ன ஆள். டவுன்ல மத்த துரைமார் சிரிப்பாங்க. அழகையா ஏறட்டும். அவன் ஏறினா குதிரைக்கும் அழகு, தோட்டத்துக்கும் அழகு. இவன் பக்கத்துல ஓடட்டும். குதிரை இவன் பேச்சைத்தானே கேட்குது.”

நான் அந்த இடத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன். ஓட்டத் தெரிந்தவன் ஓட வேண்டுமாம், தெரியாதவன் உட்கார வேண்டுமாம், காரணம் அழகாம். கடுதாசி கொண்டுபோக ஆள் தேடினானா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடினானா? வாய்வரை வந்துவிட்டது. வீரையா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். நான் ஏதாவது சொன்னால் அவருக்குத்தான் கேடு. தலைவாரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நான் திட்டியதை இங்கே சொல்ல முடியாது.

இனி அவர் செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன். பழுதான நெஞ்சோடு தினமும் ஏழு மைல் இறக்கமும் ஏழு மைல் ஏற்றமும் ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரம் கழித்து, குதிரைச் சத்தம் கேட்டுக் கடை வாசலுக்கு வந்தேன். குதிரைமேல் வீரையா இருந்தார். நூறு அடி பின்னால் அழகையா மீசையெல்லாம் வியர்வை வழிய மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

“முதல் வளைவு வரைக்குந்தான் துரைக்குக் கண்ணு தெரியும்” என்றார் வீரையா. “அதுவரைக்கும் தம்பி ஒக்காந்து வரும், நான் பிடிச்சு நடத்திட்டு வருவேன். வளைவு தாண்டினதும் மாறிக்குவோம்.”

“அண்ணே புண்ணியத்துல உயிரோட இருக்கேன்” என்றான் அழகையா. “எனக்கு அது மேல ஒக்காந்தா வயித்தைக் கலக்குதுங்க. ஓடுறது எவ்வளவோ மேல். காடு மேடு ஏறி எறங்கின காலு இது. குறுக்குப் பாதையில எறங்கினா குதிரைக்கு முன்னாடியே வந்துருவேன்.”

அவன்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. அந்த மீசையும் உயரமும் அவன் கேட்டு வாங்கியதில்லை. கங்காணி தள்ளிவிட்ட இடத்தில் வந்து நின்றிருக்கிறான்.

அப்படியே நாலு மாசம் போனது. கடுதாசி ஒருநாளும் ரயிலைத் தவறவிடவில்லை. வீரையாவின் நெஞ்சு வலி குறைந்தது. கண்டி ரோட்டில் வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள், புல்லுக்கட்டுக்காரிகள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். துரைக்கு மட்டும் தெரியாது. வராந்தாவிலிருந்து அழகையாவின் நேரான முதுகைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு சவாரிக்காரன் இந்த மலையிலேயே இல்லை என்று வருகிற துரைமாரிடமெல்லாம் பீற்றிக்கொண்டானாம். பயத்தில் விறைத்துப்போன முதுகு அது.

வீரையாவுக்கு உட்கார்ந்து போகிற வேலை கிடைத்துவிட்டது, பிறகென்ன என்று என் மனைவி உம்மு குல்சும் கேட்டாள். எனக்கு ஆறவில்லை. தினமும் சாயந்தரம் அந்த வளைவில் அவர் இறங்குகிறார். தன் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு, திருட்டுப் பொருளை ஒளித்து வைக்கிறவனைப் போல அந்த வாரைக் கழற்றி இடுப்பில் சுருட்டிக்கொண்டு இறங்குகிறார். பாராட்டு வேறொருவனுக்குப் போகிறது. இதைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு முடிந்தது, எனக்கு முடியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, கொழும்பிலிருந்து தோல் சிப்பம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டேசனுக்குப் போனேன். அங்கே துரை நின்றுகொண்டிருந்தான். வீங்கிய முழங்காலை டாக்டரிடம் காட்டுவதற்காக முதல் நாள் இரவே மாட்டு வண்டியில் டவுனுக்கு வந்தவன். தோட்டத்தில் இருந்த வீரையாவுக்கு அவன் ஸ்டேசனுக்கு வரப் போவது தெரியாது. பக்கத்தில் வேறு இரண்டு துரைமார். கொழும்பிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு கடுதாசி அவன் கையில். அடுத்த நாள் ரயிலுக்குள் கோப்பி மூட்டைகள் வந்து சேராவிட்டால் கப்பல் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. மூட்டை வண்டிகள் அன்று சாயந்தரமே தோட்டத்திலிருந்து கிளம்ப வேண்டும். என் குதிரையும் என் ஆளும் இதோ வந்துவிடுவார்கள் என்று அவன் மற்றவர்களிடம் கையைக் காட்டினான்.

வந்தார்கள். குதிரைமேல் வீரையா. பின்னால், குறுக்குப் பாதையின் சேறு முழங்கால்வரை அப்பியிருக்க, அழகையா.

ஒரு துரை சிரித்துவிட்டான். எங்கள் துரையின் முகம் செங்கல் நிறமானது.

“இறங்கு” என்றான்.

வீரையா இறங்கினார். வழக்கமாக மூட்டை ஏற்றும் மேடைப் பக்கமாகத்தான் இறங்குவார். இப்போது நின்ற இடத்திலேயே சறுக்கிக் குதித்தார்.

“எத்தனை நாளா இது?”

“முதல் நாள்ல இருந்துங்க” என்றான் அழகையா. வீரையா வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான். “எனக்கு ஓட்டத் தெரியாதுங்க தொரை. ஒருநாள்கூட நான் டவுனுக்கு ஓட்டிட்டு வந்ததில்லை. கடுதாசி நேரத்துக்கு வந்துச்சுன்னா அது அண்ணே வேலைங்க.”

துரை மணிக்கூட்டைப் பார்த்தான். கடுதாசியைப் பார்த்தான். மூளை இருக்கிறவன், எது அவசரம் என்று தெரிந்தவன். ஆனால் பக்கத்தில் இரண்டு துரைமார் நிற்கிறார்களே.

“சரி” என்றான். “கோப்பி வண்டிங்க இன்னைக்கே கிளம்பணும். இந்தக் கடுதாசியை இவனே கொண்டு போகட்டும். நான் ஒன்னும் சொல்லல. ஆனா பங்களாவுல விருந்தாளிங்க இருக்காங்க. வளைவுல இவன் இறங்கணும். அங்க இருந்து அழகையா ஏறி வரணும். இனி தினமும் அப்படித்தான். இது என் ஆர்டர்.”

அதாவது, நாலு மாசமாக நடந்ததுதான் இனியும் நடக்கும். யாருக்கும் வேலை போகவில்லை, பேர் வெட்டவில்லை. வீரையா கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

வீரையா கடிவாளத்தைத் துரையின் பக்கம் நீட்டினார்.

“முடியாதுங்க” என்றார். சத்தம் உயரவில்லை. “இத்தன நாளும் நானாத்தான் எறங்கினேன். அது என் வயித்துப் பாட்டுக்கு நான் செஞ்ச தந்திரம். நீங்க எறங்கச் சொல்லி எறங்குறது வேறங்க. அப்ப நான் ஓட்டுறதே தப்புன்னு ஆயிரும். பேரை வெட்டிக்குங்க. ஒரு மாச நோட்டீஸ் இப்பவே சொல்லிட்டேன். அந்த ஒரு மாசமும் குதிரை லாயத்துல புல்லுப் போடுறேன்.”

வேலாயி, பிள்ளைகள், லயத்துக் காம்பரா எல்லாம் அந்த நீட்டிய கையில் இருந்தது எனக்குத் தெரியும்.

துரை கடிவாளத்தை வாங்கவில்லை. அழகையாவைப் பார்த்தான். “நீ ஏறு.”

“ஏற மாட்டேனுங்க” என்றான் அழகையா. “ஏறினா அது புல்லு மேயும். வண்டிங்க நாளைக்குத்தான் கெளம்பும்.”

அந்த இரண்டு துரைமாரும் இப்போது சிரிக்கவில்லை. அவர்களுக்கும் கோப்பி இருக்கிறது, கப்பல் இருக்கிறது. ஸ்டேசன் மணிக்கூடு எல்லோருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

துரை கடுதாசியை வீரையாவிடம் நீட்டினான். “போ” என்றான்.

வீரையா வாங்கவில்லை. “எங்கங்க எறங்குறது?” என்று கேட்டார்.

துரை மலையைப் பார்த்தான், தன் வீங்கிய முழங்காலைப் பார்த்தான், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“பங்களா வாசல்ல.”

வீரையா கடுதாசியை வாங்கித் தலைப்பாகைக்குள் செருகினார். அங்கே மேடும் இல்லை, கல்லும் இல்லை, வெறும் சமதரை. மூட்டை மேடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அழகையா கைகளைக் கோத்துக் குனிந்தான். அவன் கையில் கால் வைத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வீரையா அந்த உயரத்துக்கு ஏறி உட்கார்ந்தார். என் தோல் மூடிக்குள் விரல்கள் முட்டி நின்றன.

துரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் தவறு செய்ததாகவே நினைத்திருக்க மாட்டான்; ரயிலும் கப்பலும் சேர்ந்து தன்னை மடக்கிவிட்டதாக நினைத்திருப்பான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அன்று சாயந்தரம் முதல் வளைவில் குதிரை நிற்கவில்லை என்று மறுநாள் அழகையா வந்து சொன்னான். விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையோடு வராந்தாவில் நின்றார்களாம். வீரையா அவர்கள் கண் எதிரே வராந்தாப் படிவரைக்கும் வந்து, படியில் கால் வைத்து இறங்கினாராம்.